எல்லாத்துக்கும் அஞ்சு

"இவங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு!"

ஷோபனா மேஜையில் அடித்த அடி, அந்த அம்பத்தூர் ஊறுகாய் கம்பெனியின் பேக்கிங் பகுதி வரை கேட்டது.

அவள் வேலை கணக்குப் போடுவது. உப்பு, புளிப்பு, கசப்பு என்று மெஷின் காட்டும் அளவுகள் ஒரு பக்கம். ருசி பார்க்கும் பெண்கள் போடும் மார்க்குகள் இன்னொரு பக்கம். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன என்று அவள் கண்டுபிடித்துச் சொன்னால்தான் புதுச் சரக்கு கடைக்குப் போகும்.

போன மாதம் வரை அழகாக ஒத்துப்போனது. இப்போது மெஷின் அளவு ஏறுகிறது, இறங்குகிறது. மார்க் அசையவே இல்லை. எல்லோரும் எல்லாவற்றுக்கும் அஞ்சுக்கு அஞ்சு.

"கணக்கு தப்பா, நீ தப்பா?" என்று மேனேஜர் காலையில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

ருசிக் குழுவில் மூத்தவளான வரலட்சுமியை மட்டும் ஷோபனா அறைக்குக் கூப்பிட்டாள்.

"கடைசிக் கிண்ணத்துல உப்பு எப்படி இருந்துச்சு?"

"சரியாத்தாம்மா இருந்துச்சு."

"பொய்! கைப்பிடி உப்பை நானே அள்ளிக் கொட்டினேன். உங்க கண்ணுல தண்ணி வந்ததைப் பார்த்தேன். அப்பவும் அஞ்சு! சேர்ந்து பேசி வச்சுக்கிட்டு என்னை ஏமாத்தறீங்களா?"

வரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொத்தக் குழுவையும் வேலையை விட்டு அனுப்பச் சொல்லி இன்னிக்கே சொல்லப்போறேன். போங்க!"

வரலட்சுமி போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்டி மட்டும் செஞ்சிடாதீங்கம்மா. எங்கள்ல ஒருத்திக்குக் கழுத்துல கேன்சரு. ஆஸ்பத்திரில ரேடியேசன் கரண்டு வச்சதுல நாக்கு செத்துப்பூட்ச்சு. எதைத் துன்னாலும் மண்ணு மாரி கீதாம். அவ ஊட்டுக்காரரு எங்கிட்ட சொல்லி அழுதாரு."

ஷோபனா மார்க் தாள்களை மறுபடி புரட்டிப் பார்த்தாள்.

"வேலை பூட்டா ஈ.எஸ்.ஐ.யும் பூடும், வைத்தியம் பாதில நின்னுடும். அந்த பயத்துல அவ எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுகினு கீறா. அவ மட்டும் தனியா தெரிஞ்சா மாட்டிக்குவாளேன்னு நாங்களும் போட்டோம்."

"யாரு அது?" ஷோபனாவின் குரல் இறங்கிவிட்டது.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா. எங்களுக்குத் தெரியும்னு அவளுக்கே தெரியாது."