பல்பொடி தேய்த்த கத்தி

"கத்திய மணலும் சாம்பலும் போட்டா தேய்ச்ச?"

சமையல் பார்க்கும் குசினிக்காரர் காளியப்பன் கேட்ட கேள்வியில் பேச்சியம்மாள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

மலாயாவில் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் தேய்த்த பித்தளைச் சொம்பில் முகம் பார்க்கலாம். அந்தப் பெயரால்தான் துரை பங்களாவில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. வெள்ளி முலாம் பூசிய கேக் கத்திக்கும் அதே மரியாதையைச் செய்துவிட்டாள், பாவம். அலகு முழுக்கக் கீறல்.

துரைசாணி சிங்கப்பூரிலிருந்து சாயங்கால ரயிலில் வருகிறார். ரப்பர் விலை விழுந்துகிடந்த வருஷம். வேலை போனால் அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிடுவார்கள். புருஷனை இழந்தவளுக்கு ஊரில் இருந்த ஒரே குடிசையும் அண்ணன் கைக்குப் போய் நாலு வருஷமாகிறது.

காளியப்பன் திட்டாத திட்டில்லை. திட்டிக்கொண்டே துரையின் வெள்ளைப் பல்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் அலகை நீளவாக்கில் மெல்லத் தேய்த்தார். அழுத்தினால் முலாம் போய்ச் செம்பு தெரியுமாம். மூன்று மணிக்குள் கீறல்கள் மங்கி மறைந்தன.

பிடிக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் ஆழமாக நின்றது.

"அது நான் போட்டதில்லண்ணே."

"ஆமா, கத்தி தானாவே கீறிக்கிச்சு. தொரசாணி வரட்டும், நானே போய்ச் சொல்லிடுறேன்."

ஈவு இரக்கம் இல்லாத மனுஷன் என்று அவள் மனசுக்குள் சபித்தாள்.

சொன்னபடியே செய்தார். துரைசாணி தொப்பியைக் கழற்றும் முன்பே கத்தியோடு போய் நின்றார். பேச்சியம்மாள் கதவுக்குப் பின்னால் மாரியம்மனைக் கூப்பிட்டாள்.

"என் கை தவறிக் கீறிடுச்சும்மா. வேற யாரும் இதைத் தொடல."

பேச்சியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. இவரையா சபித்தோம்?

துரைசாணி கத்தியைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. வராந்தாவில் துரை இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"பொய் சொல்லாதே. அது நான்தான். போன மாசம், இதை வெச்சு சார்டின் மீன் டின் திறந்தேன்."

பேச்சியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துரைசாணி இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

"துரைக்கு அவர் அம்மா குடுத்த கத்தி, காளியப்பன். அவர் பார்க்கிறதுக்குள்ள இந்தக் கீறலை எடுக்க வழி இருக்கா?"