பெயர் போட்ட கட்டுரை

கல்லீரல் துறைத்தலைவர் ஒரு வரிகூட எழுதமாட்டார். ஆனால் கீழே இருக்கும் டாக்டர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையிலெல்லாம் ஜம்மென்று அவர் பெயர் உட்கார்ந்திருக்கும். அதனால் தன் பெயரில் புதிதாக ஒன்று வெளியானபோது அவர் அசரவில்லை.

"யாரும்மா எழுதினது?"

"நாங்க இல்ல சார். உங்க பேர் மட்டும்தான் இருக்கு," என்றாள் உதவி டாக்டர்.

தன் கட்டுரையைத் தானே படித்தது அதுதான் முதல் தடவை என்று கேள்வி. ஒரே நோயாளி. ஐம்பத்தெட்டு வயது டாக்டர், முழங்கையில் தீத்தழும்பு, முற்றிய கல்லீரல் புற்றுநோய், மரணம்.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துரலாம் சார்."

ஸ்கேன் திரையில் வந்தது கட்டுரையின் முதல் படமேதான்.

"ரெண்டாவது படம் என்னம்மா?"

"வேண்டாம் சார்," என்று அவள் கைபேசியைத் திருப்பினாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். எஃகுத் தட்டில் ஒரு கல்லீரல், பக்கத்தில் அளவுகோல்.