இரண்டு தட்டு

ஏரியில் மூழ்கிய வேனைத் தேடத் தொடங்கி அன்று ஏழாவது நாள். படகுக்குப் பின்னால் கொக்கியை இழுத்துக்கொண்டு, உழவு சால் போலக் கோடு கோடாகப் போய் வந்தார்கள். வேனோடு போன கணவரின் உடலாவது கிடைக்காதா என்று அவளும் கூடவே வந்தாள்.

பதினோராம் கோட்டில் கொக்கி எதிலோ மாட்டியது. படகுக்காரர் அதன் கயிற்றில் ஒரு காலி கேனைக் கட்டி மிதக்கவிட்டார்.

"பாறையா இருந்தா?" என்றான் கொழுந்தன்.

"தட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும் தம்பி. பாறை முனகும், இரும்பு பாடும்."

இன்னொரு கயிற்றில் இரும்புக் குண்டை இறக்கினார். ணங். உறுதி செய்துகொள்ள மறுபடியும் தூக்கிப் போட்டார். ணங்.

அவளுடைய உள்ளங்கை கூசியது. பதினாறு வருடமாக அவர் வேனைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் பின்கதவில் தட்டுவது அவள்தான். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். "கண்ணாடிய நம்பமாட்டேன், உன் கையத்தான் நம்புவேன்" என்பார்.

கேன் நகர்ந்தது. எதிர்காற்றில், மெதுவாக, கரைச் சரிவை நோக்கிப் போனது.

"யாரும் இழுக்கலையே!" என்றார் படகுக்காரர்.

கொழுந்தனுக்கு விஷயம் தெரியும். "அண்ணி, ஒரு தட்டு! ஒரே ஒரு தட்டு தட்டுங்க!"

அவள் கயிற்றை வாங்கிக் குண்டை மேலே இழுத்து, ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரட்டும் தம்பி."

கரையோரம், தண்ணீருக்கடியில், பின்விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.