தனித்தனிக் கூண்டு

பன்றிகளுக்குக் கழிச்சல் தரும் கிருமி குடலைப் பற்றிக்கொள்ள உதவும் ஒரு மரபணுவைத் தமயந்தி மூன்று வருட உழைப்பில் நீக்கியிருந்தாள். நீக்கிய கிருமியை ஒரு பன்றிக்குட்டிக்கும் நீக்காததை அதன் உடன்பிறப்புக்கும் புகட்டி, தனித்தனிக் கூண்டில் விட்டாள். முதல் குட்டிக்கு நோய் வராது என்று உறுதியாக நம்பினாள். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது அதுவும் கழிந்துகொண்டிருந்தது. அடுத்த கூண்டில் இருக்கவேண்டிய உடன்பிறப்பு அதன் வயிற்றோடு ஒட்டித் தூங்கியது.

"யாருண்ணே இதை இங்க விட்டது?"

"நாந்தான் மேடம்," என்றார் கூண்டு கழுவும் அந்தோணி. "நேத்து தனியாக் கெடந்து நடுங்குச்சு. கூடப்பொறந்ததுதானேன்னு சேத்து விட்டேன். நீங்க குடுத்தது ரெண்டுக்கும் ஒரே மருந்துதானே?"

மருந்து என்று அவரிடம் சொன்னவளே அவள்தான்.

பிரித்தெடுக்கக் குனிந்தாள். உடன்பிறப்புக் குட்டி கண் திறந்து, கையுறை மாட்டிய அவள் விரலைக் கவ்விச் சப்பத் தொடங்கியது.