சொப்ரினோ என்ற குடும்பப் பெயர்

அந்த ஸ்பானிய மலையூரின் பங்குச்சாமியார், தன் வீட்டிலேயே வளர்த்த எலாதியோவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொப்ரினோ என்பார். உடன்பிறந்தவர் பிள்ளை என்று அர்த்தம். அண்ணன் பிள்ளையா, அக்கா பிள்ளையா என்று அந்தச் சொல் கேட்காது. சாமியாருக்கு உடன்பிறந்தவர்களே கிடையாது. இருவருக்கும் முகவாயில் ஒரே மாதிரி குழி. ஊர் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை.

எலாதியோவுக்குக் கல்யாணமாகி மகன் பிறந்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில், குடும்பப் பெயர் எழுதும் இடத்தில், சாமியார் கொஞ்சமும் யோசிக்காமல் சொப்ரினோ என்று எழுதி மை ஒற்றினார்.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு எலாதியோ எப்போதும் பக்கத்து ஊருக்குத்தான் போவான். சாமியார் அப்படிப் பழக்கியிருந்தார். ஞானஸ்நானத்துக்கு மறுநாள் உள்ளூர்க் கோயிலிலேயே வரிசையில் நின்றான். சாமியாரை மறைக்கும் மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் மண்டியிடுகிற எவனையும் அவர் 'மகனே' என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்கத்தான் வந்திருந்தான். குரலை மாற்றிக்கொண்டு, செய்யாத பாவம் ஒன்றைச் சொன்னான்.

"சாமி, ஒரு ஆட்டைத் திருடிட்டேன்."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"எழுந்து வீட்டுக்குப் போ, சொப்ரினோ."

எழுந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவன் ருஃபீனோ, கட்டின பெண்டாட்டியை அடித்தே கொன்றவன் என்று ஊர் பேசுகிற ஆள். அவன் முழங்கால் பலகையில் படுவதற்குள் தட்டி வழியே குரல் கனிந்து வந்தது.

"சொல்லு, மகனே."