உள்ளே எத்தனை பேர்?

தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி கேட்டால் அது ஒரு தடவைதான் பதில் சொல்லும். அந்தக் கேள்வி மொழியில் 'தொடர்ந்து' என்ற புதிய சொல்லைச் சேர்ப்பதுதான் அவளுடைய வேலை. சேர்த்துவிட்டால் தரவு மாற மாற, பதில் தானாகவே வந்துகொண்டிருக்கும். சோதித்துப் பார்க்க, தன் வீட்டு வாசலில் சென்சார் ஒன்றை மாட்டி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டுவைத்தாள். யாராவது நுழைந்தால் ஒன்று கூடும், வெளியேறினால் ஒன்று குறையும்.

காலையில் கணவன், மகள், அவள் மூவரும் கிளம்பியதும் பூஜ்யம் வந்தது. பதினொரு மணிக்கு அலுவலகத் திரையில் மைனஸ் ஒன்று.

"உள்ள வராத ஆளு வெளிய போயிருக்காருக்கா. ஒரு காபி குடுத்து அனுப்பியிருக்கலாம்ல?" என்று பக்கத்து மேசைக்காரன் சிரித்தான்.

நிரலை மூன்று முறை வரிவரியாகப் படித்தாள். பிழை இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தாள். ஆனால் ஓர் எண்ணுக்குப் பயந்து வீட்டுக்கு ஓடினாள் என்று ஊர் சிரிக்குமே.

நான்கு மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வருவாள். அவள் நுழைந்ததும் பூஜ்யம் ஆக வேண்டும்.

நான்கு மணிக்குத் திரையில் ஒன்று என்று வந்தது. இரண்டு பேர் நுழைந்திருக்கிறார்கள்.

உடனே மகளுக்குப் போன் போட்டாள். "கூட யாருடி வந்தது?"

"யாரும் இல்லம்மா, தனியாத்தான் வந்தேன். பயப்படாதே, கதவைப் பூட்டிட்டேன்."