படைக்காத இனிப்பு
சிறுவாச்சூர் காளி கோயிலில் வெள்ளிக்கிழமை வெயில் ஏறுகிறது. சிமெண்டு ஆலையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாயவனுக்காக, அவன் அம்மா ஆண்டாயியும் மனைவி பிரவீணாவும் மாவிளக்குக்கு அரிசி இடிக்கிறார்கள். தெறித்த மாவு ஆண்டாயியின் மேலுதட்டில் மீசையாக அப்பியிருக்கிறது. பிரவீணா வாய்விட்டுச் சிரித்துவிடுகிறாள்.

"எம் புள்ள அசைய முடியாம கெடக்கான், ஒனக்கு சிரிப்பு கேக்குதா?"

"மீசையத் தொட்டுப் பாருங்கத்தே. அச்சு அவரேதான்."

தடவிப் பார்த்த ஆண்டாயியும் குலுங்கிச் சிரிக்கிறாள். சிரித்தபடியே உரலில் வெல்லத்தைப் போட்டு உலக்கையை இறக்குகிறாள். ஒரு துணுக்கு தெறித்து, சிரிக்கும் பிரவீணாவின் வாய்க்குள் விழுகிறது. அவள் சட்டென்று வாயை மூடுகிறாள். ஆத்தாளுக்கு இன்னும் படைக்கவில்லை. கோயிலுக்குள் துப்பவும் முடியாது, விழுங்கவும் கூடாது. அவள் மூச்சைப் பிடித்து நிற்க நிற்க, அது நாக்கில் கரைந்து தித்திக்கிறது.